ஊருக்கு ஒரு நாற்காலி

1

இந்தக் கதை ஒரு கால்சட்டையின் பின்புறக் கிழிசலில் பிறந்தது. யாருடைய கால்சட்டை என்று கேட்காதீர்கள். கணக்கெடுக்கப் போனவனுக்கு ராஜப்பன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

2

தொடக்கம்: "1973. மழை பொய்த்த மொரப்பூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வறுமை தன் கோரப் பற்களை..."

[வேண்டாம். வறுமைக்குப் பல் முளைத்ததைக் கேட்டால், கதையில் பட்டினி கிடக்கப்போகும் மிக்கேலம்மாளே சிரித்துவிடுவாள்.]

மறுபடி. நிவாரணச் சோளம் யார் யாருக்கு என்று பட்டியலெடுக்க ராஜப்பன் வந்தான். படிவத்தில் ஆறாவது கேள்வி: நாற்காலி உண்டா? உண்டென்றால் அது ஏழை வீடல்ல, சோளம் கிடையாது. [இதைக் கண்டுபிடித்த மேதையை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.] ஊருக்கு இந்த விதி தெரியாது.

முதல் பத்து வீட்டிலும் அவனை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தபடியே மைப்பேனாவால் "உண்டு" என்று எழுதினான். வீடுதோறும் இடப்பக்கம் ஓர் ஆணி குத்தியும், வசதியான ஊர்தான் என்று நினைத்துக்கொண்டான்.

3

பதினோராவது, மிக்கேலம்மாள் வீடு. புருஷன் இல்லை. மூன்று பிள்ளைகள். இரண்டு நாளாக அடுப்பு எரியவில்லை.

ராஜப்பன் உட்கார்ந்தான். இடப்பக்கம், அதே இடத்தில், அதே ஆணி. துள்ளி எழுந்ததில் கால்சட்டை டர்ரென்றது. கொல்லைப்பக்கம் சவரிராயன் மூச்சிரைக்க நின்றிருந்தார். ஊரின் ஒரே நாற்காலி அவருடையது. ராஜப்பன் தெருவழியே நடக்க, அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கொல்லைவழியே ஓடியிருக்கிறார்.

"ஏம்மா, இது உங்க வூட்டுதா?"

"ஆபீசரைத் தரையிலயா ஒக்கார வெப்பாங்க?"

"நாற்காலி இருந்தா சோளம் கெடையாதும்மா. எங்க வூட்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

"என்னா வேணும்னாலும் கேளுங்க சார், சொல்றேன். புள்ளைங்க பசியையும் சொல்றேன். வந்தவங்களை ஒக்கார வெக்க வக்கில்லாதவன்னு என் வாயாலயே சொல்லணுமா?"

சவரிராயன் தலையைத் தடவினார். "அப்ப பத்து வூட்டுச் சோளத்தையும் நான்தான் சொமந்து கெடுத்தனா சார்?"

ராஜப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. [என்னை இன்னமும் தின்கிறது.]

4

முடிவு அ: மிக்கேலம்மாளுக்கு மட்டும் "இல்லை" என்று எழுதுகிறான். பத்து வீடு பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சோளம் அவளுக்குத் தொண்டையில் இறங்குமா?

முடிவு ஆ: படிவங்களைக் கிழித்தெறிந்து வேலையை விடுகிறான். [சினிமா. ராஜப்பனுக்கும் பிள்ளைகள் உண்டு.]

முடிவு இ: பத்து "உண்டு"களையும் அடித்துவிட்டு...

கதையில் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது: அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லாது.

என்ன நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. பதினோராவது படிவத்தில் ஆறாவது கட்டம் இன்னும் காலி. சவரிராயன் நாற்காலியைத் தூக்கிவந்து உங்கள் முன்னால் போட்டுவிட்டார். உட்காருங்கள். ஆணி இடப்பக்கம். இந்தாருங்கள் பேனா.