வெட்டாத கட்டு

எமில் வோன்ட்ராவின் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் போக்கர் நடக்கும்போது யாரும் சீட்டுக் கட்டை வெட்டுவதில்லை. எல்லா ஆட்டத்துக்கும் சீட்டுப் போடுகிறவர் வீட்டுக்காரர்தான். அவர் கலைத்து முடித்துக் கட்டை வலப்பக்கத்து ஆளின் முன்னால் வைப்பார். அந்த ஆள் விரல் முட்டியால் கட்டின்மேல் ஒரு தட்டுத் தட்டுவார். உன் கையை நம்புகிறேன், போடு என்று அதற்குப் பொருள். எமிலின் தகப்பனார் ஏற்படுத்திய முறை அது. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் வேறு வீடுகளிலும் சீட்டாட்டம் உண்டு. அங்கெல்லாம் வாய்ச்சண்டையும் நடந்திருக்கிறது, கைச்சண்டையும் நடந்திருக்கிறது. வோன்ட்ரா வீட்டு மேசையில் ஒருவன் இன்னொருவன் கையைச் சந்தேகத்தோடு பார்த்தான் என்ற பேச்சு மட்டும் எழுந்ததே இல்லை. அந்தப் பெயரைத்தான் எமில் தன் சொத்தாக நினைத்தார். தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபோது கொடுத்த கடிகாரம் எந்த அலமாரியில் கிடக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்தக் குளிர்காலத்தில் விரல்கள் அவரைக் கைவிட்டன. கணுக்கள் வீங்கி, காலையில் சட்டைப் பொத்தான் போடுவதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறு கலைக்கும்போது கட்டு நழுவிச் சீட்டுகள் மல்லாந்து விழுந்தன. அடுத்த ஞாயிறும் அப்படியே ஆயிற்று.

"என்ன எமிலு, ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லார் கையையும் காட்டிட்டியே!" என்று சிரித்தார் ஸ்டான்லி போஸ்பிஷல். ஊரின் பழைய மாட்டு வைத்தியர். எமிலோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"நீதான் டாக்டராச்சே, ஒரு ஊசி போட்டு விடேன்" என்றார் லொரைன் டீஹி. பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்த பெண்மணி அவர். "காளைக்குப் போடுறதுல பாதி போட்டாப் போதும். இவன் பிடிவாதமும் கொஞ்சம் அடங்கும்."

எமில் சிரிக்கவில்லை. குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார்.

மறுவாரம் மருமகன் கர்ட்டிஸ் லிங்கன் நகரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். நல்லவன்தான். வாய் கொஞ்சம் அதிகம். பெட்டியிலிருந்து சீட்டுக் கலைக்கும் கறுப்பு எந்திரம் ஒன்றை எடுத்து மேசை நடுவில், லொரைன் சுட்டுக் கொண்டுவந்த ஆப்ரிகாட் வைத்த கொலாச்சி ரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு, வைத்தான்.

"ஜெனட் தேடித் தேடி வாங்கினது, எமில். நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். பாதிக் கட்டை இந்தப் பக்கம் வைங்க, பாதியை அந்தப் பக்கம் வைங்க, இதை அமுக்குங்க. முடிஞ்சுது."

மகள் வாங்கியது. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எமில் வைத்தார், அமுக்கினார். மக்காச்சோளம் உதிர்க்கும் எந்திரத்துக்குள் கரண்டி விழுந்ததுபோல ஒரு சத்தம் எழுந்து பாதியில் நின்றது. கர்ட்டிஸ் அதைக் கவிழ்த்து உலுக்கி ஒரு சீட்டைப் பிடுங்கி எடுத்தான். ராணி. நெற்றியில் கடிபட்டிருந்தாள்.

"பாத்தியா, முதல்ல பொம்பளையைத்தான் கடிக்குது" என்றார் லொரைன்.

அன்று பிற்பகல் முழுவதும் அந்தப் பாடுதான். பேச்சு சூடு பிடிக்கும்போது எந்திரம் அலறும். அலறாதபோது விக்கும். விக்கினால் கர்ட்டிஸ் வெண்ணெய்க் கத்தியைக் கொண்டு அதன் தொண்டையைக் குடைவான். நாலு ஆட்டம் ஆடுகிற நேரத்தில் ஒன்று ஆடினார்கள். மூலை மடங்கிய சீட்டுகள் யார் கையில் இருக்கின்றன என்பது எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது என்று சொல்லி எமில் அந்தக் கட்டையே குப்பையில் போட்டார். எந்திரத்தையும் சேர்த்துப் போட்டிருப்பார். ஆனால் இரவு ஜெனட் தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பா, உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். "நல்லா இருக்கும்மா" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து வந்தபோது கர்ட்டிஸ் பிளாஸ்டிக் சீட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதன்பின் எந்திரம் விக்கவில்லை. வெண்ணெய்போல இழுத்து வெண்ணெய்போலத் தள்ளியது. எமிலும் அதற்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டார். ஒரு தடவை மட்டும் கலைப்பது சோம்பேறியின் வேலை என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சரியாக இரண்டு தடவை கலைத்தார். மேல்பாதி எப்போதும் இடப்பக்கம். ஜெயித்தவரின் ஐந்து சீட்டை அவர் முன்னாலேயே விட்டுவைத்து, மற்றதெல்லாம் கூட்டியபின் கடைசியாக எடுத்துக் கட்டின் மேலே வைப்பது அந்த வீட்டில் ஜெயித்தவருக்குச் செய்யும் மரியாதை. அதையும் அவர் விடவில்லை.

எந்திரம் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் எமில் ஜெயிக்கத் தொடங்கினார்.

முதலில் அவருக்கே சிரிப்பாக இருந்தது. எழுபத்தேழு வயதில் அதிர்ஷ்டம் வீடு தேடி வந்திருக்கிறது, வரட்டும் என்றிருந்தார். பிறகு ஒருநாள் லொரைன் மூன்று ராணிகளை விரித்து ஓர் ஆட்டத்தை அள்ளினார். அடுத்த ஆட்டத்தில் எமிலின் கையில் அதே மூன்று ராணிகள்.

"இப்பத்தானே உங்களை வழியனுப்பினேன். அதுக்குள்ள இவன் வீட்டுல குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்று லொரைன் ராணிகளைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதே பிற்பகல் ஸ்டான்லி ஐந்து கிளாவரை வைத்து ஜெயித்தார். அடுத்த ஆட்டத்தில் நாலு கிளாவர் எமிலிடம் வந்தன. வேண்டாத சீட்டைப் போட்டுவிட்டு மாற்றுச் சீட்டில் ஐந்தாவதையும் வாங்கிக்கொண்டார். இந்த முறை சிரிப்பு குறைவாக இருந்தது. ஸ்டான்லி தன் பந்தயச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். எமிலுக்கு அந்த அடுக்குதல் பிடிக்கவில்லை. ஆனால் வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்லாதபோது எதற்கென்று பதில் சொல்வது?

அதற்கடுத்த ஞாயிறு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக ஐந்தாவதாக வரும் ரேமண்ட் குளிருக்குப் பயந்து அரிசோனாவுக்குப் போய்விட்டதால் அந்தக் குளிர்காலம் முழுக்க நாலு பேர்தான். எமிலின் இடப்பக்கம் கர்ட்டிஸ், எதிரே லொரைன், வலப்பக்கம் ஸ்டான்லி. எமில் எந்திரத்தை இரண்டு தடவை ஓட்டிக் கட்டை எடுத்து ஸ்டான்லி முன்னால் வைத்தார்.

ஸ்டான்லி தட்டவில்லை. கட்டின் மேல்பாதியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்.

லொரைன் வாயருகே கொண்டுபோன கொலாச்சியைக் கீழே வைத்தார்.

"என்ன பண்ணினே?" என்றார் எமில்.

"வெட்டினேன்."

"என் வீட்டுலயா?"

"சீட்டாட்டத்துல வெட்டுறது உலகத்துல எங்கேயும் இருக்கிறதுதானே, எமிலு."

"அப்ப உலகத்துல எங்கேயாவது போய் ஆடு."

"ரெண்டு கிழடும் முதல்ல உக்காருங்க" என்றார் லொரைன். இருவரும் எப்போது எழுந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

"நீ திருடுறேன்னு நான் சொல்லலை" என்றார் ஸ்டான்லி.

"வாயால சொல்லலை. கையால சொன்னே. வாயால சொல்லியிருந்தா பதிலாவது சொல்லியிருப்பேன்."

"அவ ஜெயிச்ச ராணிங்க உன்கிட்ட வந்தாங்க. என் கிளாவர் உன்கிட்ட வந்துச்சு. வாராவாரம் வருது. எனக்குக் கண்ணு இருக்குடா, நான் என்ன பண்ண? ராத்திரி படுத்தா அதே நெனப்பு. உன்னைப் போய் இப்படி நெனைக்கிறோமேன்னு எனக்கே கேவலமா இருக்கு."

கர்ட்டிஸ் இடையில் புகுந்தான். "மெஷின் மேல எந்தத் தப்பும் இல்லை. அதுக்குக் கலைக்க மட்டும்தான் தெரியும். சூதாட்ட கிளப்புல இருக்கிற தரம்னு பெட்டியிலயே போட்டிருக்கு."

"மெஷின் மேல தப்பு இல்லை" என்று எமில் நிதானமாகத் திருப்பிச் சொன்னார். "அப்ப என் மேலதான் தப்பு. அதுதானே நீ சொல்றது?"

"ஐயோ எமில், நான் அப்படிச் சொல்ல வரலை..."

எமில் நாற்காலியை மேசையிலிருந்து ஒரு கை தூரம் பின்னுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. குரல் மட்டும் ஏறவில்லை.

"லொரைன், பாத்தா அடையாளம் தெரியுற மாதிரி அஞ்சு சீட்டு எடுத்துக் கட்டு மேலே வை. கர்ட்டிஸ், நான் வைக்கிற மாதிரியே வெச்சு ரெண்டு தடவை ஓட்டு. அப்புறம் நாலு பேருக்கும் போடு. உன்கிட்ட ஆரம்பிச்சு என்கிட்ட முடி. நான் தொட மாட்டேன்."

லொரைன் ஆட்டின் சீட்டுகளில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என்று ஐந்தைப் பொறுக்கி மேலே வைத்தார். கர்ட்டிஸ் எந்திரத்தை ஓட்டினான். அலறல் நின்றது. மறுபடி அலறியது. சீட்டுகளைப் போட்டான். எமிலின் பங்கை லொரைன் திருப்பினார். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி. பத்து மட்டும் வழிதவறி ஸ்டான்லியிடம் போயிருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் எமில்.

இந்தத் தடவை ஐந்தும் வந்தன.

லொரைன் எந்திரத்தைத் தன் பக்கம் இழுத்து அதன் வாயை உற்றுப் பார்த்தார். "இது எங்கே கலைக்குது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை வரிசையா ஏத்துற மாதிரி இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு எடுக்குது. முதல் தடவை ஒண்ணு விட்டு ஒண்ணா வெக்குது. ரெண்டாவது தடவை நாலுக்கு ஒண்ணா வெச்சிடுது. நாம நாலு பேரு. நாலாவது நீ. மேலே யாரு சீட்டை வெச்சாலும் நேரா உன் மடியில வந்து விழும். ரேமண்ட் இருந்திருந்தா சிதறிப் போயிருக்கும், ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

ஸ்டான்லி கையை நீட்டினார். "மன்னிச்சுடு எமிலு. நான் ஒரு முட்டாள்."

எமில் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கும்போது கணுக்கள் வலித்தன. பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது. அவருக்கு நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வாரக்கணக்கில் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொண்டுவந்து போட்டது. அதைவிடக் கசப்பாக ஒன்று இருந்தது. இரண்டு தடவை கலைத்தது தன் கண்டிப்பு. ஜெயித்தவர் சீட்டை மேலே வைத்ததும், எல்லா ஆட்டத்துக்கும் தானே போட்டதும், வெட்டாமல் விட்டதும் தகப்பனார் முறை. இந்த வீட்டின் மரியாதைகளை ஒன்றுவிடாமல் கூட்டி வைத்தால் அப்படியே ஒரு திருட்டு ஆகிறது. இதில் எதன் மேல் கோபப்படுவது?

"இதுக்கு வழி ரொம்ப சுலபம், எமில்" என்றான் கர்ட்டிஸ், உற்சாகம் திரும்பியவனாய். "ஜெயிச்ச சீட்டை நடுவுல சொருகிடுங்க. இல்லைன்னா ஒவ்வொரு தடவையும் வெட்டிடலாம்."

"இல்லைன்னா நான் மேசைக்கு அடியில உக்காந்து ஆடலாம்" என்றார் எமில்.

"பழையபடி கையாலயே கலை. விழுந்தா விழட்டும். நாங்க கண்ணை மூடிக்கிறோம்" என்றார் ஸ்டான்லி.

"எனக்காக யாரும் கண்ணை மூட வேணாம்."

அவர் எந்திரத்தின் வாயிலிருந்த கடைசிச் சீட்டுகளை உருவி, கட்டைக் கூட்டி நேர்செய்தார். அதற்கே நேரம் பிடித்தது. பிறகு மேசையின் குறுக்கே லொரைன் பக்கம் தள்ளினார்.

"நீ போடு. அடுத்தது ஸ்டான் போடட்டும். இனிமே சுத்தி வரட்டும்."

"உன் வீட்டுல நானா?" என்றார் லொரைன். அவர் குரலில் கேலி இல்லை.

"நான் எப்படிப் போட்டாலும் இனிமே என் கையைத்தான் பாப்பீங்க. நெனைக்காட்டியும் கண்ணு போகும். எனக்கு அது வேணாம். போடு."

லொரைன் கலைத்தார். பெரிய உள்ளங்கைகள், நிதானமான விரல்கள். சீட்டுகள் சத்தமில்லாமல் ஒன்றோடொன்று கலந்தன. முடித்துக் கட்டைத் தன் வலப்பக்கம் இருந்த கர்ட்டிஸ் முன்னால் வைத்தார். தட்டுவதா வெட்டுவதா என்று தெரியாமல் அவன் மாமனாரைப் பார்த்தான். எமில் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே, "வெட்டு" என்றார்.

சீட்டுகள் வந்தன. எமில் தன் ஐந்தையும் விரல்களுக்கிடையே ஒருவாறு விசிறிப் பார்த்தார். மூன்று ஜாக்கிகள். ஓர் எந்திரமும் தொடாத, லொரைனின் கையால் கலைந்து கர்ட்டிஸின் கையால் வெட்டுப்பட்ட, சுத்தமான மூன்று ஜாக்கிகள்.

கர்ட்டிஸ் இரண்டு சில்லுகளை நடுவில் போட்டான். லொரைனும் போட்டார். ஸ்டான்லி போட்டுவிட்டு நிமிர்ந்து எமிலைப் பார்த்தார். நண்பன் நண்பனைப் பார்க்கும் பார்வைதான் அது. சற்று முன்புதான் மன்னிப்புக் கேட்ட கண்கள். ஆனாலும் இந்தச் சீட்டுகளை மேசையில் விரித்தால் அந்தக் கண்கள் ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஜாக்கிகளிலிருந்து தன் முகத்துக்குத் தாவும் என்று எமிலுக்குத் தோன்றியது. தாவாமலும் போகலாம். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் தெம்பு அவரிடம் இல்லை.

ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, சீட்டுகளைச் சேர்த்துக் கவிழ்த்து நடுவில் தள்ளினார்.

"அவ்வளவுதானா?" ஸ்டான்லி மேசையில் அடித்துச் சிரித்தார். "மெஷினை நிறுத்தினதும் அதிர்ஷ்டத்தையும் நிறுத்திட்டாங்களா?"

"ஆமா" என்றார் எமில்.

கர்ட்டிஸ் சிரித்தான். லொரைன்கூடச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பின் அந்த மேசையில் எழுந்த தாராளமான சிரிப்பு அது. ஆட்டம் தொடர்ந்தது. லொரைன் இரண்டு எட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயித்தார்.

எமிலின் கை பழக்கத்தில் சீட்டுகளைக் கூட்டுவதற்காக நடுமேசை வரை போயிற்று. ஸ்டான்லி அவற்றை ஏற்கெனவே தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.