காந்திபுரம் போனும் அரசூர் போனும்

காந்திபுரம் போனை அரசூருக்குத் திருப்பிவிட்டது நான்தான். மறுநாள் அரசூரிலிருந்து கிளம்பும்போது, அரசூர் போனைக் காந்திபுரத்துக்குத் திருப்பிவிட்டதும் நான்தான்.

காந்திபுரத்தில் எங்கள் ஆபீஸ். அரசூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரி. ஆள் இல்லாத இடத்துக்கு வரும் அழைப்பு ஆள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும் என்பது என் மகத்தான திட்டம். முதல் நாள் போட்டதை எடுக்க மறந்துவிட்டு அடுத்ததைப் போட்டதில், பந்தியில் "மொதல்ல நீங்க உக்காருங்க", "அட, நீங்க உக்காருங்க" என்று நின்றுகொண்டே இலையைக் காயவிடும் சம்பந்திகளைப் போல இரண்டு போன்களும் ஒன்றுக்கொன்று கைகாட்டிக்கொண்டு நின்றுவிட்டன. எதுவும் அடிக்கவில்லை. கூப்பிட்டவர்களெல்லாம் நேராக வாய்ஸ்மெயிலில் போய் விழுந்தார்கள்.

அங்கே அவர்களை வரவேற்றதும் நான்தான்.

'நான் இப்போது இல்லை, உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்' என்று பதிவு செய்யச் சொல்லியிருந்தார்கள், போன் மாட்டிக்கொடுத்தவர்கள். எனக்கு வாய் வரவில்லை. தேடி வந்தவரிடம் வாசலிலேயே இல்லையென்பதா? அதனால் குரலைக் கனியவைத்துக்கொண்டு, "வணக்கமுங்க, கிருபாசங்கர் பேசறனுங்க. ஒரு நிமிசம் லைன்ல இருங்க, இதா வாரனுங்க" என்று பதிந்துவைத்தேன்.

இருந்தார்கள். அதுதான் கொடுமை.

கண்டுபிடித்தது எங்கள் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் லோகப்பிரியா. அன்று அரசூருக்கு வந்திருந்தாள்.

"ஏனுங் சார், உங்க போனுக்குள்ள ஊரே உக்காந்திருக்குது. வந்து ஒரு வாய் காப்பியாவது குடுங்க."

ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே காத்திருந்தார். இன்னொருவர் காத்திருந்த நேரத்தில் யாரிடமோ வாழைத்தார் விலை பேசினார். அதற்கப்புறம் ரங்கநாயகி அம்மாள்.

அன்னூர்ப் பக்கம் நூல் மில் நடத்துகிறவர். அவர் மில்லுக்கான வார்ப்புகளால்தான் எங்கள் பவுண்டரியில் இரண்டாவது ஷிப்டு ஓடுகிறது. இந்த வருட ஆர்டரைப் பற்றிப் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

"சரிங் கிருபா, வாங்க, இருக்கேன்" என்றது குரல். பிறகு வெகுநேரம் மில் இரைச்சல் மட்டும். "பழைய பேரிங் கூடு ஒண்ணு விரிசல் உட்டுப்போச்சு. மெசின் நிக்குது. வந்துட்டீங்களா?" மறுபடி இரைச்சல். ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். திங்கட்கிழமை பேசியது. நாங்கள் கேட்டது வியாழன்.

அவர் கைப்பேசிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மில் மேனேஜர் பாலகோபாலைப் பிடித்தேன்.

"அம்மாகிட்டச் சொல்றனுங்க. பாத்துக்கலாமுங்க."

"ஆர்டர் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"அதெல்லாம் பாத்துக்கலாமுங்க."

எங்கள் பக்கத்தில் 'பாத்துக்கலாம்' என்றால் கல்யாணம் நிச்சயம் என்றும் அர்த்தம், பெண் பிடிக்கவில்லை என்றும் அர்த்தம்.

திரும்பினால் வாசலில் நஞ்சுண்டன். இரண்டாவது ஷிப்டின் போர்மேன்.

"ஏனுங்க, அன்னூர்ல இருந்து போன் வந்துச்சுங்களா? பசங்க கேக்கறாங்க. வேலை இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சா அவனவன் வேற எடமாச்சும் பாத்துக்குவான்."

"வருமுங்கண்ணா. வராம எங்க போகுது" என்றேன். பாலகோபாலுக்கு நான் சளைத்தவனா?

நஞ்சுண்டன் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

போனையாவது சரிசெய்வோம் என்று, போன் மாட்டிக்கொடுத்த கம்பெனியின் மிதுனைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு போனையும் ஒண்ணுக்கொண்ணு திருப்பலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லு தம்பி."

"திருப்பலாமுங்ணா. திருப்பாம இருந்தாலும் நல்லதுங்ணா."

"அப்ப தப்பு உங்க பொட்டியிலயா, என்கிட்டயா?"

"ரெண்டு பக்கமும் பாக்கணுமுங்ணா. கம்ப்ளெயிண்ட் டிக்கெட் போட்டுடறேன், பசங்க வருவாங்க."

"எப்ப?"

"வந்துருவாங்ணா."

போனைத் தூக்கி உலையில் போட்டிருப்பேன். உருக்கினாலும் அதில் உருப்படியாக ஒரு வாஷர்கூடத் தேறாது.

லோகப்பிரியா அதற்குள் போனோடு வந்த புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான் போட்ட இரண்டு திருப்பலையும் எடுத்துவிட்டாள். காந்திபுரத்தில் யாரும் எடுக்காவிட்டால் மட்டும் அரசூருக்கு வரும். இங்கும் எடுக்காவிட்டால் வாய்ஸ்மெயில். மறு திசையில் எதுவும் கிடையாது. நான் இரண்டு நாள் செலவழித்துக் கெடுத்ததை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

"இப்ப வாய்ஸ்மெயிலை மாத்துங்க. 'ஆள் இல்லை'ன்னு சொல்லுங்க சார், ஒண்ணும் ஆயிராது."

முதல் தடவை, "கொஞ்சம் வெளிய இருக்கனுங்க, ஆனா வந்துருவனுங்க" என்றேன். அழித்தாள். இரண்டாம் தடவை, "இல்லீங்க... இருந்தாலும் சொல்லுங்க" என்றேன். போனைப் பிடுங்கி அவளே பேசிப் பதிந்தாள். கேட்க எனக்கே பயமாக இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் ஒழுங்காகச் செய்தி சொல்லிவிட்டு வைத்திருப்பேன்.

கைப்பேசியிலிருந்து காந்திபுரத்துக்கு அடித்துப் பார்த்தேன். பூட்டிய ஆபீசில் அடித்து ஓய்ந்து, என் மேஜைமேல் அரசூர் போன் அடித்தது. பரீட்சையில் பாஸானவன் போலச் சிரித்தேன். நான் வைத்ததும் அது மறுபடியும் அடித்தது.

"கிருபா? ரங்கநாயகி பேசறேன்."

எழுந்து நின்றுவிட்டேன். நஞ்சுண்டன் எப்போது திரும்பி வந்தார் என்று தெரியவில்லை, கதவுப் பக்கம் நின்றிருந்தார். நான் மன்னிப்பில் ஆரம்பித்து, திருப்பிவிட்டது, மறந்தது, மிதுன், டிக்கெட் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அம்மா, ஆர்டரு... பாத்துக்கலாம்னு மட்டும் சொல்லீராதீங்கம்மா. இங்க ஆளுங்க நிக்கறாங்க."

"இல்லைங் கிருபா. இந்த வருசம் உங்களுக்கு இல்லை. மெசின் நின்ன அன்னிக்கே வேற பவுண்டரிக்குக் குடுத்துட்டேன். உங்க பொருள்ல ஒரு குறையும் இல்லை. ஆனா இல்லை. உங்க ஆளுங்ககிட்ட இன்னிக்கே சொல்லிப்போடுங்க, பாவம், அவங்களும் வேலை தேடோணுமல்ல."