மழைத் தெய்வத்தின் மூக்கு

கனகசிங்கம் மாயன்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஸ்காபரோ முதியோர் சங்கத்தில் எல்லாருடைய தேநீரும் ஆறிப்போகும். திருகோணமலையில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தவர். ரொறன்ரோவுக்கு வந்து இருபத்தாறு வருடம் பிளாஸ்ரிக் மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் ஒரே மெஷினுக்கு முன்னால் நின்றார். அங்கே அவருடைய பெயரை ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை. ‘கென்’ என்று கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் யூடியூப்பில் அந்த வீடியோக்கள் அவருக்கு அகப்பட்டன. மத்திய அமெரிக்கக் காட்டுக்குள் படிப்படியாக உயர்ந்த கோபுரங்களைக் காட்டி, அவற்றைக் கட்டிய மாயன்கள் தமிழர்களே என்று ஒருவர் அடித்துச் சொன்னார். மாயன் என்ற பெயரே தமிழ்தானே என்றார். கனகசிங்கம் நம்பினார். நம்புவது சுகமாக இருந்தது. அதைச் சங்கத்தில் சொன்னபோது நாற்பது பேர் வாய் திறந்து கேட்டார்கள். அது இன்னும் சுகமாக இருந்தது.

ஆகவே நகர நடுவிலிருந்த தொல்பொருள் அருங்காட்சியகத்தில் மாயன் கலைப்பொருட்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், சங்கத் தலைவர் பொன்னம்பலம் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸை ஒழுங்கு செய்தார். ஒக்ரோபர் மாதத்து ஞாயிறு. விளக்கம் சொல்லும் பொறுப்பு கனகசிங்கத்துக்கு. அவர் கோட் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தார்.

உள்ளே வெளிச்சம் மங்கலாக இருந்தது. பச்சைக்கல் மணிமாலைகள், கொக்கோ குடித்த சித்திரக் கிண்ணங்கள், முகமுகமாக எழுத்து வெட்டிய ஒரு பெரிய சுண்ணக்கல். கனகசிங்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார். ஆனால் அவர் காத்திருந்தது கடைசிக் கண்ணாடிக் கூண்டுக்கு. அதற்குள் ஒரு முழ உயரத்தில் சாம்பிராணி போடும் மண்சட்டி இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு முகம். மூக்கு நீண்டு, கீழே இறங்கி, நுனியில் சுருண்டிருந்தது.

அந்தக் கூண்டுக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான, வெயிலில் கறுத்த மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கனகசிங்கம் அவருடைய தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னார்:

“மன்னிக்க வேண்டும், நாங்கள் ஒரு குழு. கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா?”

அந்த மனிதர் “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்.

கனகசிங்கம் சனத்தைக் கூண்டைச் சுற்றி நிறுத்தினார். “வடிவாப் பாருங்கோ. இது ஆற்ர முகம்? இந்தத் தும்பிக்கையைப் பாருங்கோ. அமெரிக்காவில யானை இருந்ததோ? இல்லை. அப்ப இவைக்கு ஆர் பிள்ளையாரைக் காட்டினது? நாங்கள். எங்கட ஆக்கள்தான் கடல் தாண்டி வந்து இதைச் செய்திருக்கினம். பிறகு ஆயிரம் வருசத்துக்கு முன்னம் அவை ஒருத்தரும் மிச்சமில்லாமல் அழிஞ்சு போச்சினம்.”

பெண்கள் இரண்டு மூன்று பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூண்டுக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. கனகசிங்கமும் வாசிக்கவில்லை.

சுவரோரமாக நின்ற மனிதர் மெல்லக் கிட்ட வந்தார். அவருடைய ஆங்கிலமும் கனகசிங்கத்தினுடையதைப் போல உடைந்ததுதான்.

“ஐயா, இவ்வளவு பேருக்கும் இதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? எனக்கு அறிய ஆசை. நான் மெக்சிக்கோவில் யுகற்றான் பகுதிக்காரன். நான் மாயா.”

கனகசிங்கம் கூண்டைப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

“உங்கள் ஆட்கள் பெரிய கலைஞர்கள் என்று சொன்னேன்” என்றார்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. கனகசிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர் எஸ்தேபன் பெச். பிரட்ஃபோட் பக்கத்தில் ஒரு கரட் தோட்டத்தில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் இங்கே, நாலு மாதம் ஊரில். இன்று லீவு என்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், இதைப் பார்க்க.

“ஆர் உவர்?” என்று பொன்னம்பலம் கேட்டார்.

“மாயனாம்” என்றார் கனகசிங்கம், வேறு வழியில்லாமல்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஜெயமலர் என்ற அம்மா உடனே போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினார். பெச் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நான் இவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லலாமா? நீங்கள் உங்கள் மொழியில் சொல்லுங்கள்.”

சொல்லத்தான் வேண்டியிருந்தது. பெச் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மொழிபெயர்க்க இடம்விட்டு, ஒவ்வொரு வசனமாகப் பேசினார்.

“இவர் சாக். மழைக்குரிய தெய்வம்.”

“இவர் மழைத் தெய்வமாம்” என்றார் கனகசிங்கம்.

“அப்ப பிள்ளையார் இல்லையோ?” என்று பின்னாலிருந்து பொன்னம்பலத்தின் குரல் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்ட பெண்கள் கனகசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெச் தொடர்ந்தார். “நாங்கள் அழிந்துவிட்டோம் என்று பல பேர் நினைக்கிறார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை. என் அம்மாவுக்கு ஸ்பானிய மொழி வராது, மாயா மட்டும்தான் பேசுவார். மழை பிந்தினால் இப்போதும் நாங்கள் தோட்டத்தில் மேசை போட்டுப் படைத்து இவரைக் கூப்பிடுவோம். சின்னப் பிள்ளைகளை மேசைக்குக் கீழே இருத்தித் தவளை மாதிரிக் கத்தச் சொல்வார்கள். நானும் கத்தியிருக்கிறேன்.”

சொல்லிவிட்டு அவர் தவளையைப் போல ஒருதரம் கத்தியும் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கனகசிங்கத்தின் வாயைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னார்: “அவை மழைக்குக் கும்பிடுறதும் எங்கட பிள்ளையாரைத்தானாம். பேர்தான் மாறிப்போச்சாம். தங்கட ஆக்கள் கிழக்கிலயிருந்து கப்பலில வந்தவை எண்டு இவற்ர தாய் இப்பவும் சொல்லுறவவாம்.”

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். பெச்சின் கண் கலங்கியிருந்தது. அவர் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். போகும்போது கனகசிங்கத்தின் வாட்ஸப் நம்பரை வாங்கிக்கொண்டார். ஜெயமலர் எடுத்த படத்தை அனுப்பச் சொன்னார், அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

திரும்பும் பஸ்ஸில் சங்கச் செயலாளர் கோணேஸ்வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் டொன்வலி நெடுஞ்சாலையைத் தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கனகண்ணை, நான் பதினெட்டு வருசம் இன்சூரன்ஸ் கந்தோரில போனில கதைச்சனான். எனக்கு இங்கிலீஸ் விளங்கும்.”

கனகசிங்கம் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“அந்த மனுசன் தாயைப் பற்றிச் சொன்னது வேற.”

“சனம் சந்தோசப்பட்டதுதானே, தங்கச்சி.”

கோணேஸ்வரி ஏசவில்லை. எழும்பிப் போகவும் இல்லை. இறங்கும்வரை அப்படியே பக்கத்தில் இருந்தார். அவர் ஏசியிருந்தால் நல்லது என்று கனகசிங்கத்துக்குத் தோன்றியது.

அடுத்த நாள் ஜெயமலரின் வீடியோ எல்லாருடைய போனிலும் இருந்தது. ‘மாயனே ஒப்புக்கொண்டான், நாங்கள் தமிழர்’ என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து வந்தது. புதன்கிழமை பாரிஸிலிருந்து. தொப்பியை நெஞ்சோடு பிடித்த அந்த முகத்துக்குக் கீழே கனகசிங்கத்தின் வசனங்கள் தமிழில் ஓடின.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அது ஞாபகம் வந்தது. 2012இல் ஊருக்குப் போயிருந்தார். ஊர் எல்லையில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல் இருந்தது. அவருடைய தகப்பன் வெள்ளிக்கிழமைகளில் அதற்குத் தண்ணீர் வார்த்துப் பூ வைப்பார். அவர் போன நாளில் அதைச் சுற்றிக் கம்பி கட்டி, தமிழ் இல்லாத பலகை ஒன்று நட்டிருந்தார்கள். உல்லாசப் பயணிகளை ஏற்றிய பஸ் ஒன்று வந்து நின்றது. வழிகாட்டி ஒருவன், அந்தக் கல் யாருடையது என்று தன்னுடைய கதையை அவர்களுக்குச் சொன்னான். அதற்கு முதல் கனகசிங்கத்திடம் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கிறீர்களா என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். கனகசிங்கம் தள்ளி நின்றார். அந்த அவமானத்தை அவர் கனடாவில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பார்.

அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெச்சிடமிருந்து செய்தி வந்தது. ‘படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். தூர தேசத்து மக்கள் எங்களுக்காகக் கைதட்டினார்கள் என்று சொன்னேன். அவர் ஊர் முழுக்கக் காட்டுகிறார். நன்றி, நண்பரே.’

கனகசிங்கம் இரண்டு நாள் பதில் போடவில்லை. ஞாயிறு மத்தியானம், பெச்சுக்கு லீவு என்று தெரிந்த நேரத்தில் கூப்பிட்டார். தாளில் எழுதி வைத்திருந்ததை வாசிப்பது போலச் சொன்னார். நீங்கள் சொன்னதை நான் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள்தான் உங்களுடையதைச் செய்தார்கள் என்று சொன்னேன். நீங்களே அப்படிச் சொன்னதாகச் சொன்னேன். அம்மாவையும் அதற்குள் இழுத்தேன். அந்த வீடியோ இப்போது பல நாடுகளில் ஓடுகிறது.

அந்தப் பக்கத்தில் பெச்சுக்குப் பின்னால் ஆட்கள் பந்து விளையாடும் ஆரவாரம் கேட்டது.

“அப்படியென்றால், அவர்கள் எதற்குக் கைதட்டினார்கள்?” என்று பெச் கேட்டார்.

“எங்களுக்கு” என்றார் கனகசிங்கம்.

“ஏன்? உங்களுக்கென்று ஒன்றும் இல்லையா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இருக்கிறது, நிறைய இருக்கிறது என்று சொல்லக் கனகசிங்கத்துக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டார். பெச், “அம்மாவிடம் நான் என்ன சொல்வது?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் கனகசிங்கம் எழுந்து நின்றார். அன்றைக்குப் பெச் சொன்னதை முதலில் ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். கோணேஸ்வரியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பிறகு தமிழில் சொன்னார். தவளை மாதிரிக் கத்திய பிள்ளையைப் பற்றியும் சொன்னார். அது பிள்ளையார் இல்லை என்றார். அவர்கள் அழியவும் இல்லை. தான் சொன்னது பொய்.

யாரோ ஒருவர் கதிரையை இழுத்தார்.

“சரி விடுங்கோ” என்றார் பொன்னம்பலம். “எங்களுக்கு நல்ல பேர்தானே வந்தது. ஆருக்கு என்ன நட்டம்?”

“அந்த மனுசனுக்கு” என்றார் கனகசிங்கம்.

“அவருக்கு இது தெரியவே வராது.”

“தெரியும். நான் சொல்லிப்போட்டன்.”

பொன்னம்பலம் அவரை ஏதோ வீட்டுச் சங்கதியை வெளியில் சொன்னவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஜெயமலர் மட்டும் தன்னுடைய பதிவை நீக்கிவிட்டார். மற்றவர்கள் ஏற்கெனவே அனுப்பியதை என்ன செய்வது? கனகசிங்கம் தன் குரலில் ஒரு திருத்தம் பதிந்து அனுப்பினார். அதைக் கேட்டவர்கள் சிலர். அதை அடுத்தவருக்கு அனுப்பியவர் கோணேஸ்வரி ஒருவர்தான். அடுத்த மாதத்துப் பேச்சுக்குக் கனகசிங்கத்தின் பெயரைப் போடவில்லை. அவரும் கேட்கவில்லை.

நவம்பரில் பெச் ஊருக்குப் போயிருப்பார். கனகசிங்கம் அந்த நம்பருக்கு மூன்று தரம் எழுதினார். இரண்டு நீல அடையாளங்கள் விழுந்தன, பதில் வரவில்லை.

தைப்பொங்கலன்று திருகோணமலையிலிருந்து தங்கச்சி வாழ்த்து அனுப்பினாள். கூடவே ஒரு வீடியோ. ‘அண்ணா, இதில கதைக்கிறது நீங்கள்தானே? இஞ்ச எல்லாருக்கும் காட்டினனான். எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமோ?’

கனகசிங்கம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ‘ஓம், நான்தான்’ என்று எழுதினார். பிறகு ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, பெச் சொன்னதை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். இப்படி அவர் திருத்தி எழுதியனுப்பும் பதினேழாவது ஆள் இது.