நாகலிங்கம் எடுத்த மனுவல் ஜீப்

நாகலிங்கத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி கொண்டுபோய்விட்டது. ஆணி குத்திய காயத்தை யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தார். மனைவி கனகாம்பிகை மணத்தை வைத்துக் கண்டுபிடித்தபோது வெட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மயிலிட்டிக் கரையில் காற்றைப் பார்த்துக் கடலைச் சொல்லுகிற மனுசன், தன் காலை மட்டும் குனிந்து பார்க்கவில்லை.

பொய்க்காலோடு வள்ளத்தில் நிற்க முடியாது. அதனால் வள்ளத்தையும் என்ஜினையும் விற்று ஒரு ஜீப் எடுப்பதென்று வீட்டில் முடிவானது. வாடைக் காற்று தொடங்கினால் வள்ளங்களைக் கரைக்கு இழுத்து ஏற்ற வேண்டும். மற்ற நாட்களில் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றலாம். நாலு சில்லும் இழுக்கிற பெரிய ஜீப்புக்கு வருசம் முழுக்க வேலை இருக்கும். உழவு மெசின் எடுக்கலாமே என்று ஊரில் சிலர் புத்தி சொன்னார்கள். உழவு மெசினுக்கு இடது காலால் கிளச் மிதிக்க வேண்டும். இல்லாத காலால் எதை மிதிக்கிறது? ஓட்டோ கியர் ஜீப் என்றால் கிளச்சே கிடையாது, வலது கால் ஒன்று போதும். இந்த யோசனையைச் சொன்னவன் மகன் சிவரூபன். பண்டத்தரிப்பில் கிறிஸ்ரோபர் என்ற புறோக்கரின் வளவில் அப்படியொன்று நிற்கிறது என்று தேடிப் பிடித்தவனும் அவன்தான். பொய்க்காலோடு லைசன் எடுக்கலாமா என்றுகூட விசாரித்து வைத்திருந்தான்.

இந்தக் கரிசனையில்தான் நாகலிங்கத்துக்குச் சந்தேகம் தட்டியது. கல்லுப் போல இளந்தாரி ஒருத்தன் வீட்டில் இருக்க, தகப்பன் தனியாக ஓடக்கூடிய வாகனம் எதற்கு? கனகாம்பிகையைப் பிடித்துக் குடைந்தார். அவள் சட்டியைக் கழுவினாள், முற்றத்தைக் கூட்டினாள், கடைசியில் சொன்னாள்.

“அவன் பிரான்சுக்குப் போக ஏஜென்சியோடை கதைச்சிட்டான். உங்களுக்கு ஒரு வழி செய்துபோட்டுப் போவம் எண்டு நிக்கிறான்.”

“காசு உழைக்கவோ?”

“காசுக்கெண்டு வையுங்கோவன்.”

அந்தப் பதிலைக் கொஞ்சம் தோண்டியிருந்தால் எல்லாமே வேறு மாதிரிப் போயிருக்கும். நாகலிங்கம் தோண்டவில்லை. மகள் தாரிகா கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போனவள், போனில் மட்டும்தான் முகம் காட்டுகிறாள். இவனும் போனால் வீட்டில் இரண்டு கிழடும் ஒரு ஜீப்பும்தான் மிச்சம். ஆனாலும் பிள்ளையைக் கூப்பிட்டு ‘போகாதை’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கெஞ்சுவதற்குப் பழகாத வாய்.

கிறிஸ்ரோபரின் வளவில் இரண்டு ஜீப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பனி, ஒரே வெள்ளை நிறம். ஒன்று ஓட்டோ, மற்றது மனுவல். கிறிஸ்ரோபர் ஓட்டோவின் கதவைத் திறந்து பிடித்தார்.

“அண்ணை, உங்களுக்கெண்டே செய்த மாதிரி. ஏறி ஒருக்கா ஓடிப் பாருங்கோ.”

நாகலிங்கம் ஏறவில்லை. “மற்றதைத் திறவும்.”

“அது மனுவல் அண்ணை. கிளச் மிதிக்கோணும்.”

“தெரியும். திறவும்.”

சிவரூபன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தான். நாகலிங்கம் பொனற்றைத் தட்டினார், குனிந்து சில்லைப் பார்த்தார், பிறகு ஜீப்பைப் பார்த்தபடியே பேசினார்.

“ஓட்டோ கியர்ப்பெட்டி பிழைச்சால் கொழும்புக்கெல்லோ கட்டி இழுக்கோணும். மனுவல் எண்டால் எங்கடை கறாச்சிலையே அவிட்டுப் பூட்டலாம். உப்புக் காத்துக்கை ஓட்டோ எத்தினை நாளைக்கு நிக்கும்?”

சொன்னதில் பிழையில்லை. உண்மையை வைத்தே பொய் சொல்கிற வித்தை அன்றைக்கு அவருக்குக் கைவந்திருந்தது.

“மணலுக்கை ஓட்டோதான் நல்லம் அப்பா. இடையிலை நிண்டுபோகாது. இழுக்கேக்கையும் உதறாது. நீங்கள் தனியவும் ஓடலாம்.”

“நான் ஏன் தனிய ஓடுறன்? நீ இருக்கிறாய்தானே.”

கிறிஸ்ரோபர் விசயம் விளங்கினவர் போல ஒரு துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். சிவரூபன் இரண்டு ஜீப்புக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். தகப்பனின் பொய்க்கால் மண்ணில் கோணலாக ஊன்றியிருப்பதைக் கண்டான்.

“சரி அப்பா. மனுவலை எடுப்பம்.”

ஜீப்பை வீட்டுக்கு அவன்தான் ஓடிக்கொண்டு வந்தான். இடப்பக்கச் சீற்றில் இருந்த நாகலிங்கத்துக்குப் பாட்டுப் படிக்க வேண்டும் போலிருந்தது. ஒரு சொல் கெஞ்சாமல் பிள்ளையைக் கட்டிப் போட்டாயிற்று. மற்றவர்கள் கயிறு வாங்குவார்கள், இவர் கிளச் வாங்கினார், அவ்வளவுதான்.

வாடை தொடங்கியது. சிவரூபன் வள்ளங்களை இழுக்கிற நேர்த்தியைப் பார்க்கக் கரையில் ஆட்கள் கூடினார்கள். மணல் புதையுமிடத்தில் சின்னக் கியருக்கு மாற்றி, கிளச்சை மெல்ல விட்டு, கயிறு அறாமல் வள்ளத்தை மேலே கொண்டுவந்து விடுவான். ஏஜென்சிக் கதையும் வீட்டில் இல்லாமல் போனது. நாகலிங்கம் இரண்டு கவளம் கூடவே சாப்பிட்டார்.

அவன் முறைக்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ‘பெல்ட்டைப் போடுங்கோ’, ‘மருந்து குடிச்சனீங்களோ’ என்று கேட்கிறதையெல்லாம் முன்போலவே கேட்டான். கேட்ட பிறகு பேச வேறொன்றும் இல்லாமல் இருந்தான். முதலில் போன் வந்தால் தண்ணீர்க்கரை வரை நடந்துபோய்க் கதைத்தான். பிறகு போன் வருகிறதே இல்லை. உப்பிலும் வெயிலிலும் களைத்திருக்கிறான் என்று நாகலிங்கம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வாடை ஓய்ந்த ஒரு மத்தியானம், கனகாம்பிகை மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

“பிரதீபாவுக்குக் கலியாணம் முடிஞ்சுதாம்.”

“எந்தப் பிரதீபா?”

“கீரிமலைப் பெட்டை. தமையனோடை பிரான்சிலை இருக்கிறவள். இவன் வருவான் வருவான் எண்டு ஆறு வருசம் கலியாணம் பேசி வந்த இடமெல்லாம் தட்டிக் கழிச்சுக்கொண்டிருந்தவள். இவன் வரேல்லை எண்டு சொன்ன பிறகு, தமையன் வேறை இடத்திலை செய்து வைச்சிட்டான்.”

“நீ ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்லை?”

“சொன்னால் என்ன செய்திருப்பியள்? காலைக் காட்டியிருப்பியள்.”

அவள் தலை நிமிரவில்லை. செதில்களை வழித்துக் காகத்துக்கு எறிந்துவிட்டு அடுத்த மீனை எடுத்தாள். நாகலிங்கம் வெட்கத்தில் அப்படியே குந்தியிருந்தார். காலைக் காட்டத்தான் செய்திருப்பார். காட்டித்தான் ஜீப்பும் எடுத்தார்.

அடுத்த நாள் ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பண்டத்தரிப்புக்குப் போனார். அந்த ஓட்டோ ஜீப் இன்னும் விலைப்படாமல் புழுதி மூடி நின்றது. கிறிஸ்ரோபர் வேறு பற்றறி கொண்டுவந்து கொழுவி ஸ்ராட் பண்ணிக் கொடுத்தார். நாகலிங்கம் ஏறினார். வலது காலால் பிறேக்கை அழுத்தி, கியர்க் கம்பை இழுத்து, பிறேக்கை விட்டார். ஜீப் தானாக அசைந்தது. வளவை ஒரு சுற்று, பிறகு றோட்டில் ஏறிச் சந்தி வரை போய்த் திரும்பினார். பொய்க்கால் ஒரு பக்கம் சும்மா கிடந்தது. இவ்வளவுதானா? ஒரு குழந்தைப்பிள்ளை ஓடுகிற வாகனமல்லவா இது! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவர் ஸ்ரியறிங்கில் நெற்றியை முட்டுக்கொடுத்து அழுதார். கால் நோகிறதாக்கும் என்று நினைத்த கிறிஸ்ரோபர், சீனி வருத்தக்காரனுக்கு ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார்.

பின்னேரம் மயிலிட்டிக் கரையில் சிவரூபன் இழுவைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். நாகலிங்கம் மணலில் தடுமாறி அவனிடம் போனார். வழியெல்லாம் பாடமாக்கிய சொற்களை ஒரே மூச்சில் கொட்டினார்.

“தம்பி, இதைக் குடுத்திட்டு ஓட்டோவை எடுப்பம். கிறிஸ்ரோபர் மாத்தித் தாறனெண்டு சொல்லிப்போட்டான். நான் ஓடிப் பாத்தன், என்னாலை ஏலும். நீ போ.”

சிவரூபன் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “எங்கை அப்பா?”

“பிரான்சுக்கு.”

“அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?”

நாகலிங்கம் கயிற்றின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தார். “என்னிலை கோவமோ?” என்று கேட்டார். அவன் ஏசட்டும், ஒரே ஒரு சொல் ஏசட்டும் என்று மனதுக்குள் கீரிமலை நகுலேஸ்வரரை வேண்டிக்கொண்டார்.

“இல்லை அப்பா,” என்றான் சிவரூபன். உண்மையாகவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “இருளுது. ஏறுங்கோ.”

அவன் இடப்பக்கக் கதவைத் திறந்து, தகப்பனின் பொய்க்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்து, பெல்ட்டைப் பூட்டி, கதவைச் சாத்தினான். நாகலிங்கம் கிறிஸ்ரோபரின் வளவில் நின்று ஆசைப்பட்டது எதுவோ அது அப்படியே பலித்திருந்தது. பிள்ளை இனி எங்கேயும் போகமாட்டான்.