கைபடாத மாவு

அனுப்ரியா, கர்நாடகத்தில் தமிழர்கள் வாழும் மார்டள்ளி கிராமத்துக்காரி. மைசூரில் தங்கி ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தவள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி வங்கிக்குப் போனாள், ஒருவன் வானொலிக்குப் போனான். இவளுக்குக் கிடைத்தது அங்கேயே ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு இட்லிமாவு கம்பெனி. பாக்கெட் வாசகம், விளம்பரம், புகார்களுக்குப் பதில் எல்லாம் அவள் பொறுப்பு.

"லிட்ரேச்சர் படிச்சவங்கள எங்க போட்டாலும் பொழச்சுப்பாங்க, கொத்தா, தெரியுமா?" என்று முதலாளி சம்பத்குமார் கன்னடம் கலந்த தமிழில் வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டிச் சொல்வார். 'கைபடாமல் அரைத்தது, மைசூர் மல்லிகைபோல் வெளுத்தது' என்று அவள் எழுதிய பிறகு விற்பனை ஏறியிருந்தது. அவளுக்கும் அதில் பெருமைதான்.

ஒரு நாள் விளம்பர வீடியோ எடுக்க முதல்முறையாக ஆலைக்குள் போனாள். கதவைத் திறந்ததுமே புளித்த வாடை மூக்கில் அறைந்தது. கடைகளிலிருந்து திரும்பிய பாக்கெட்டுகள் உப்பிப்போய் மூலையில் குவிந்து கிடந்தன. பாக்கியலட்சுமி என்ற தொழிலாளி ஒவ்வொன்றையும் பிளேடால் கிழித்து, மேலே படர்ந்த பச்சைப் பூசண ஆடையை வெறும் விரலால் வழித்து உதறிவிட்டு, மிச்சத்தைப் புது மாவுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி விளிம்பில் கரப்பான்கள் மீசை நனைய ஊர்ந்தன. அனுப்ரியாவின் கையில் போன் தன்பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"எப்பவுமே இப்படித்தானாக்கா?"

"ஆமா கண்ணு. சோடா போட்டா நாத்தம் போயிரும்."

வெளியே ஓடி வந்து வாந்தி எடுத்தாள். காலையில் தின்றதும் அந்த மாவில் சுட்ட தோசைதான்.

சம்பத்குமாரிடம் சொன்னபோது அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"சும்னே டென்ஷன் ஆகாதம்மா. எல்லாரும் பண்றதுதான். புளிப்பு ஜாஸ்தின்னு கம்ப்ளைண்ட் வருது, அதுக்கு நல்லதா ஒரு லைன் எழுது. லிட்ரேச்சர்தானே நீ? அழுகுனதையும் அழகா எழுத மாட்டியா?"

அவர் பேசி முடிப்பதற்குள் அந்த வரி அவள் மனசில் உருவாகிவிட்டது. ஓசையோடு, நயத்தோடு. மாவைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய குமட்டல் அப்போதுதான் வந்தது.

அன்றைக்கே வேலையை விட்டாள். அறைக்குப் போய் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். கேவலம், அக்கிரமம் என்று முதலில் வந்து விழுந்த சொற்களையெல்லாம் அடித்தாள். விரல், பிளேடு, பச்சை ஆடை, நனைந்த மீசை, இவை மட்டும் மிஞ்சின. பாக்கியலட்சுமியின் முகம் தெரியாதபடி வெட்டி வீடியோவையும் சேர்த்தாள்.

ஆலைக்குச் சீல் வைத்தார்கள். வாக்குமூலம் வாங்கிய அதிகாரி மஞ்சுநாத், "உங்க புகாரைப் படிச்சுட்டு எனக்குச் சாப்பாடு எறங்கல. லா படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், லிட்ரேச்சர்."

அபராதம் கட்டிவிட்டு சம்பத்குமார் வேறு பெயரில் கம்பெனியைத் திறந்தார். அதைக் கேள்விப்பட்டபோது அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது. அதற்குள் அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனுக்கள் எழுதும் வேலையில் சேர்ந்திருந்தாள்.

ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் பாக்கியலட்சுமியைப் பார்த்தாள். தன்னால் அவள் வேலை போனது உறுத்த, தயங்கிக்கொண்டே கிட்டப் போனாள்.

"வேற எடத்துல சேந்துட்டேன் கண்ணு. ஜாம் கம்பெனி."

"அங்க எப்படிக்கா?"

பாக்கியலட்சுமி முகத்தைச் சுளித்தாள். "அழுவுன பப்பாளி. புழுவோட போட்டுக் கிண்டறானுவ. எம்புள்ளைங்களுக்கு அத நான் வாங்கறதே இல்ல."

அனுப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "எந்தக் கம்பெனி?"

பாக்கியலட்சுமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னாள். பிறகு அனுப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பேரு மட்டும் வேண்டாம் கண்ணு" என்றாள்.