தொட்டிக்கு வெளியே ஓர் ஆள்

ஒரகடத்துப் பட்டறைக்கு அந்தத் தீயணைப்பு வண்டி வந்து இரண்டு நாளாகியிருந்தது. அதன் ஃபைபர் தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தில் முழ நீளத்துக்கு விரிசல். நான்கு மணிக்குள் வண்டி வேண்டுமென்று அதை அனுப்பிய தொழிற்சாலையிலிருந்து காலை முதல் ஏழு முறை போன் வந்துவிட்டது. ஏழு முறையும் ஏச்சு வாங்கியவர் சூப்பர்வைசர் பிரசன்னா.

வாங்கியதை யார்மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. தொட்டியின் மேல், ஆள் இறங்கும் துவாரத்தின் பக்கத்தில் குந்தியிருந்த சந்தனமாரி அவர் கண்ணில் பட்டாள்.

"இன்னாமா, மேல குந்திகினு வேடிக்க பாத்துகினு கீற?"

"உள்ள இசக்கியண்ணன் விரிசலுக்கு ரெசின் பசை பூசுதாவ சார். வெளிய ஒரு ஆளு நிக்கணும்லா?"

"அவன் இன்னா கொயந்தயா? கீழ எறங்கு. அந்தக் கேபினுக்கு உப்புத்தாள் போடணும்."

"காத்து ஊதுற மெசினயும் பெயின்ட் அடிக்கத் தூக்கிட்டுப் போயிட்டீய. நெடி இங்கயே கண்ண எரிக்கி."

"எறங்குன்னா எறங்கு. இல்லாங்காட்டி கேட்டுக்கு வெளிய போ. நிக்கிறதுக்குன்னு ஒரு ஆளு இன்னாத்துக்கு?"

சந்தனமாரி, உள்ளே இருந்த இசக்கிபாண்டியின் இடுப்புப் பெல்ட்டிலிருந்து வந்த கயிற்றை மேல் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டு இறங்கினாள். போகும்போது பிரசன்னாவைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. அவரும் அதைக் கவனித்தார். இவளை நாளைக்கே வேறு ஷிப்டுக்குத் தள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

தொட்டிக்குள்ளிருந்து இசக்கிபாண்டி அவ்வப்போது சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் அடையாளம். பிரசன்னாவுக்கு அது தெரியாது. போனில் பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் தொந்தரவாக இருந்தது. சற்று நேரத்தில் அது நின்றதும், வேலை முடிந்ததென்று நிம்மதியானார்.

பத்து நிமிடம் கழித்துச் சந்தனமாரி திரும்பி வந்தாள். வெளிச்சுவரைத் தட்டினாள். பதில் இல்லை. மறுபடி தட்டினாள்.

"உன்ன அங்கதான வேல பாக்கச் சொன்னேன்?" என்றார் பிரசன்னா.

அவள் காதில் வாங்காமல் மேலே ஏறி உள்ளே பார்த்தாள். இசக்கிபாண்டி முட்டி மடங்கிச் சரிந்து கிடந்தான்.

பிரசன்னா பதறி ஏறினார். துவாரத்துக்குள் காலை விட்டார். சந்தனமாரி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

"நீரும் உள்ள விழுந்தா ரெண்டு பேர இழுக்கணும். கயித்தப் பிடியும்."

சக தொழிலாளி வனமாமலையும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். துவாரத்தின் விளிம்பு முதுகைச் சிராய்க்க, ஐந்து பேராக அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். மூச்சு இருந்தது, நூல் அளவுக்கு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவன் கண் விழித்தான். வராந்தாவில் இருந்த தொழிலாளர்கள் பிரசன்னாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. விபத்தைப் பற்றி முதலாளி போனில் சொன்னபடி எழுதிய அறிக்கை. சாட்சிக் கையெழுத்துக்காக அதைச் சந்தனமாரியிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். "யாருக்கும் சொல்லாம எறங்குனாவளா? அப்ப என்னைய மேலருந்து எறக்குனது யாரு?"

"ஓனர் அப்டி எழுதச் சொன்னாரும்மா. நான் இன்னா பண்றது?"

வனமாமலை பெஞ்சிலிருந்து எழுந்து அவருக்கு நேராக வந்து நின்றான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. பிரசன்னா தலை குனிந்தார். அந்தத் தட்டல் நின்றபோது தமக்கு வந்த நிம்மதி நினைவுக்கு வந்தது. ஒருவனுடைய மூச்சு அடங்குவதை வேலை முடிந்ததாக எண்ணியிருக்கிறோம்.

"தப்பு என்னுதுதான்" என்றார் மெதுவாக.

"அத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய?" என்றாள் சந்தனமாரி. "நிக்கிறதுக்கு ஒரு ஆளு எதுக்குன்னு கேட்டீயல்லா? உள்ள எறங்குனவன் உசுரு வெளிய நிக்கிறவன் கையில இருக்கு. அது வெட்டியா நிக்கிறது இல்ல, அதுவும் வேலதான். காத்தும் இல்லாம, காவலுக்கு ஆளும் இல்லாம ஒருத்தன உள்ள எறக்குனா, அவனக் கொல்லத் துணிஞ்சதா அர்த்தம். அதத் தாள்ல எழுதும்."

பிரசன்னா தாளைத் திருப்பி, சுவரில் வைத்து எழுதினார்: 'காற்று வசதி இல்லாமல் ஆளை இறக்கியது நான். காவலுக்கு நின்றவரை விலக்கியதும் நான்.'

சந்தனமாரி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெஞ்சில் இடம் இருந்தது. அவரை உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.