கொக்கி வைத்த உள்பை

சுட்டி முக்காலி மேல் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அம்மாவின் உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசிகள். பள்ளிப் பாவாடையின் இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் புதிதாக ஒரு பை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி அதற்குள் போனது. கருவியிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய், வயிற்றில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் முடிந்தது.

"திரும்பு."

திரும்பினாள்.

"குதி."

குதித்தாள். வெளியே எதுவும் தெரியவில்லை. அம்மா குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா தையல்கடை வைத்திருந்தாள். புதுத் துணி தைப்பதைவிட, இருப்பதைப் பிரித்து உடம்புக்குச் சரிசெய்து கொடுப்பதில் பேர்போனவள். தொப்பை, கூன், ஏறி இறங்கிய தோள், எல்லாவற்றையும் துணியால் இல்லாமல் செய்துவிடுவாள். உடம்பில் இருப்பது துணியில் தெரியக்கூடாது. அதுதான் அவள் தொழில்.

கதவு திறந்தது. அம்மா கையில் கிடைத்த துணியை மகளின் இடுப்பில் போட்டாள்.

வந்தவர் வாடிக்கைக்காரர். வங்கியில் வேலை. கடையில் அவருக்குப் பேர் பேங்க் அம்மா. ஒரு சட்டையை மேசைமேல் வைத்தார்.

"காலர் ஒரு இன்ச் ஏறணும்."

அம்மா காரணம் கேட்கவில்லை. தைராய்டு ஆபரேஷன் தழும்பு அவர் கழுத்தில் இருந்தது.

"ஏத்திடலாம். வியாழக்கிழமை வாங்க."

"பாப்பாவுக்கு என்ன, இடுப்புல நூல் மாதிரி தொங்குது?"

"நூல்தான்" என்றாள் அம்மா.

சுட்டி கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

பத்து வயது. ஒரு வருடமாக முதல் வகை நீரிழிவு. இனிப்பு தின்றதால் வந்ததல்ல. அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கு ஊசி. பள்ளியில் மதிய ஊசியைக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். தலைமை ஆசிரியைக்கு மட்டும் விஷயம் தெரியும். மற்ற யாருக்கும் தெரியக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தாள். "பொம்பளப் பிள்ளை. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." வீட்டில் அதை யாரும் மறுக்கவில்லை.

இப்போது மருத்துவமனை பம்ப் வைத்துக்கொள்ளச் சொன்னது. செலவு மருத்துவமனை நிதியிலிருந்து. எந்தப் பம்ப் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் முடிவு செய்ய வேண்டும். ஒன்று குழாயில்லாமல் தோளில் ஒட்டிக்கொள்வது. சட்டைக் கைக்குள் மறைந்துவிடும், இயக்கத் தனி ரிமோட். இன்னொன்று குழாயோடு இடுப்பில் மாட்டிக்கொள்வது. திரையும் பட்டனும் அதிலேயே. அம்மாவுக்கு ஒட்டுவது பிடித்தது. மகளுக்கு மாட்டுவது. கடைசியில் பேரம் படிந்தது. மாட்டுவதை வெளியே தெரியாமல் மறைக்க முடிந்தால் அதையே வாங்கலாம்.

பயிற்சி தரும் நர்ஸ் ஒரு வாரத்துக்கு உப்புத் தண்ணீர் நிரப்பிய பம்பைக் கொடுத்தனுப்பினாள். "இது பழகறதுக்குத்தான். ஊசி வழக்கம்போல போடணும். ரெண்டு பம்பும் நல்லதுதான். போட்டுக்கிறவங்க கைக்கு எது வருதோ, அது."

அம்மா பைக்கு ஒரு மூடி வைத்தாள். மூடிக்கு இரண்டு டிச் பட்டன், அதற்கு மேல் ஒரு கொக்கி. சர்க்கரை இறங்கினால் வாயில் போட வேண்டிய குளுக்கோஸ் மாத்திரைகள் அதுவரை புத்தகப்பையின் வெளியறையில் இருந்தன. அவற்றையும் எடுத்து இதற்குள் போட்டாள்.

"எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். நான் தைச்சா ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது."

புதன்கிழமை சுட்டி வீட்டுக்கு வந்தபோது பாவாடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பட்டைக்குக் கீழே, சரியாகப் பை இருந்த இடத்தில். கத்தரியால் உள்பையோடு சேர்த்துக் கோணல்மாணலாக வெட்டியிருந்தது.

"யாருடி வெட்டினது?"

"பக்கத்து சீட்டுக்காரி. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"ஏன், திறக்கக் கை இல்லையா உனக்கு?"

"கை இருந்துச்சும்மா. நடுங்குச்சு."

அம்மா பாவாடையைக் கீழே வைத்தாள்.

"விளையாட்டு பீரியட் முடிஞ்சு கைவேலை கிளாஸ். வேர்த்துச்சு. கண்ணு மங்கலாச்சு. கொக்கியைப் பிடிக்கவே முடியல. அவ, 'என்னடி, பாவாடைக்குள்ள எலி பூந்துடுச்சா'ன்னு சிரிச்சா. நான் வெட்டுடின்னேன். விளையாட்டுன்னு நினைச்சா. அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிஜமாவே வெட்டிட்டா."

"அப்புறம்?"

"மாத்திரை போட்டேன். டெஸ்ட் பண்ணேன். அம்பத்திரெண்டு. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு எண்பதாச்சு."

"அவகிட்ட என்ன சொன்ன?"

"எல்லாத்தையும். வாயில மாத்திரை இருந்துச்சா, அதனால மெதுவா சொன்னேன்."

அம்மா மீட்டரை வாங்கிப் பார்த்தாள். 52. எழுபதுக்குக் கீழே போகக்கூடாது. பிறகு பாவாடையை மறுபடி எடுத்தாள். கொக்கி கழலவில்லை. பட்டன் விடவில்லை. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வேலை நன்றாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்பா வேலை முடிந்து வந்தார். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நடந்ததைக் கேட்டார். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொக்கியைத் தானே திறந்து பார்த்தார். நேரம் பிடித்தது.

"லிஃப்ட்டுக்குள்ள அவசர பட்டன் இருக்கும்ல. சிவப்பா, பெருசா, அசிங்கமா. கட்டடக்காரங்க கேப்பாங்க, 'அழகா ஒரு மூடி போட்டுடலாமா?' நான் விடமாட்டேன். உள்ள மாட்டிக்கிறவன் பயத்துலதான் தடவுவான்."

"உங்க அக்காதானே யாருக்கும் தெரியக்கூடாதுன்னாங்க?"

"அக்கா சொன்னா, நாம கேட்டோம். ரெண்டும் தப்பு."

அம்மா எழுந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைக் கொட்டி, இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை விட்டாள்.

"என்ன பண்றே?"

"நூறு எண்ணுங்க."

எண்ணினார். விரல்கள் சிவந்து, விறைத்து, தானாக ஆடின. அந்தக் கையால் பழைய பையைத் திறக்கப் பார்த்தாள். நாற்பது எண்ணியும் முடியவில்லை. கொக்கி விரலைக் குத்தியதுதான் மிச்சம்.

பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். மஞ்சள் துணியில் பை. பட்டைக்கு வெளியே, வலது கைக்கு நேராக. மூடிக்குக் கொக்கி இல்லை, பட்டன் இல்லை, இழுத்தால் பர்ரென்று பிரியும் வெல்க்ரோ. மறுபடி ஐஸ் தண்ணீர். மறுபடி நூறு. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு செகண்ட்."

"ரெண்டாக்கலாம்" என்று அம்மா மூடியைப் பிரித்தாள்.

மறுநாள் அம்மாவே வகுப்புக்குப் போனாள். வகுப்பாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரியிடம் மஞ்சள் பையைக் காட்டினாள். "இனி வெட்ட வேண்டாம். இழுத்தா போதும்." அந்தப் பெண் இழுத்துப் பார்த்தாள். "ஒரு செகண்ட் ஆன்ட்டி" என்றாள்.

அன்று மாலை பேங்க் அம்மா வந்தார். சுட்டி கடையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அது என்ன பாப்பா, மஞ்சளா?"

சுட்டி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள்.

"இன்சுலின் பம்ப், ஆன்ட்டி. இப்ப உப்புத் தண்ணி. நாளைக்கு ஆஸ்பத்திரில இதையேதான் வேணும்னு சொல்லப் போறோம். இன்னொண்ணுக்குத் தனி ரிமோட். இந்த வருஷமே மூணு தண்ணி பாட்டில் தொலைச்சிருக்கேன்."

"அட, சுகரா? இந்த வயசுலயா?" குரல் தணிந்தது. "ஏம்மா, உள்ள வெச்சுத் தைச்சிருக்கலாமே. நீங்க தைச்சா தெரியவே தெரியாதே."

"உள்ளதான் தைச்சேன். ரொம்ப நல்லாவே தைச்சேன். பிள்ளைக்கு மயக்கம் வந்தப்ப மாத்திரையை அவளாலயே எடுக்க முடியல." அம்மா சட்டையை உதறி நீட்டினாள். "மறைச்சு வெச்சா நோய் ஒண்ணும் குறையறதில்லைங்க. உதவ வர்ற கைக்குத்தான் வழி தெரியாம போகுது. இது வெட்கப்படற விஷயமில்ல, கூட இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்."

பேங்க் அம்மா சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றார். ஒரு இன்ச் ஏறிய காலர் தழும்பைச் சுத்தமாக மூடியிருந்தது. ஒரு விரலை உள்ளே விட்டுத் தளர்த்தினார்.

"இறுக்குது."

"இறக்கிடவா?"

காலருக்கு மேலாகவே தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"இது இப்படியே இருக்கட்டும்" என்றார். "அடுத்த சட்டைக் காலரைப் பழைய அளவுக்கே தைச்சிடுங்க."